மீள் தொடர்களை மறைத்துப் பிரைமர் அமைத்தல்

"விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்பது பழமொழி. ஆனால் எல்லாக் குணங்களும் முளையிலே கண்ணுக்குத் தெரிவதில்லை. வெள்ளத்தைத் தாங்கும் நெல் நாற்றையும் தாங்காத நெல் நாற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். வடகிழக்குப் பருவமழையில் வயல் மூழ்கி, பத்து நாள் கழித்து நீர் வடிந்த பிறகுதான் எது பிழைத்தது, எது அழுகியது என்பது தெரியவரும். அப்போது தெரிந்து பயனில்லை.

இதனை முன்கூட்டியே அறிய, நாற்றின் இலைத்துண்டு ஒன்றை எடுத்து அதிலுள்ள டி.என்.ஏ.வைச் சோதிக்கும் முறை இன்று நடைமுறையில் உள்ளது. இச்சோதனை சரியாக அமைய ஒரு முக்கியமான முன்வேலை தேவை. டி.என்.ஏ.வில் திரும்பத் திரும்ப வரும் தொடர்களை முதலில் மறைத்துவிட்டு, பிறகே பிரைமர் அமைக்க வேண்டும். இவ்வேலை ஏன் தேவை, எவ்வாறு செய்யப்படுகிறது, இதனால் உழவருக்கு என்ன பயன் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

ஒரு நாற்றில் அடங்கிய பயன்

ஒடிசா மாநிலத்து நாட்டு நெல்லிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட எஃப்.ஆர்.13ஏ என்னும் ரகம், ஏறத்தாழ இரண்டு வாரம் முழுவதும் நீரில் மூழ்கியிருந்தாலும் மீண்டும் தழைக்கக்கூடியது. இக்குணத்திற்குக் காரணமான சப்1ஏ என்னும் மரபணு 9-ஆம் குரோமோசோமில் உள்ளது என்பது 2006-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. மூழ்கிய பயிர் வீணாக நீண்டு வளர்ந்து தன் சேமிப்பைச் செலவழித்துவிடாமல், வளர்ச்சியைக் கட்டுப்படுத்தி உயிரைக் காப்பதே இம்மரபணுவின் வேலை.

எஃப்.ஆர்.13ஏ அதிக விளைச்சல் தரும் ரகமன்று. ஆகவே அதன் வழிவந்த நெல்லை நாம் விரும்பும் ரகத்துடன் ஒட்டுச் சேர்த்து, கிடைத்த வழித்தோன்றலை அதே விரும்பிய ரகத்துடன் மீண்டும் மீண்டும் பின்கலப்பு செய்கிறார்கள். முதல் பின்கலப்பில் சராசரியாக 75 விழுக்காடும், இரண்டாவதில் 87.5 விழுக்காடும், மூன்றாவதில் 93.75 விழுக்காடும் விரும்பிய ரகத்தின் பண்புகள் திரும்புகின்றன. 2009-இல் நம் நாட்டில் வெளியிடப்பட்ட சுவர்ணா சப்1, தமிழகத்து உழவர்கள் அறிந்த சி.ஆர்.1009 சப்1 ஆகியவை இம்முறையில் உருவானவை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒவ்வொரு பின்கலப்பிலும் கிடைக்கும் நாற்றுகளில் சரிபாதியில் மட்டுமே வெள்ளம் தாங்கும் மரபணு இருக்கும். மறுபாதியில் இராது. எந்த நாற்றை வைத்துக்கொள்வது, எதைப் பிடுங்கி எறிவது என்பதை இலைச் சோதனையே தீர்மானிக்கிறது. சோதனை பொய் சொன்னால் மரபணு இல்லாத நாற்று அடுத்த தலைமுறைக்குப் போய்விடும். அதன்பின் எத்தனை முறை பின்கலப்பு செய்தாலும் போன மரபணு திரும்பி வராது. பல ஆண்டு உழைப்பும், அந்த விதையை நம்பி நடப்போரின் ஒரு போக வருமானமும் அந்த ஓர் இலைத்துண்டின் விடையைப் பொறுத்தே நிற்கின்றன.

பிரைமர் என்றால் என்ன?

டி.என்.ஏ. என்பது அடினைன், தைமின், குவானைன், சைட்டோசைன் என்னும் நான்கே எழுத்துகளால் எழுதப்பட்ட நீண்ட ஏடு. இவற்றைச் சுருக்கமாக அ, தை, கு, சை என்று கொள்வோம். நெல்லின் 12 குரோமோசோம்களிலும் சேர்த்து ஏறத்தாழ 38.9 கோடி எழுத்துகள் உள்ளன. நிப்பான்பாரே என்னும் ஜப்பானிய ரகத்தைக் கொண்டு இந்த ஏடு முழுமையாகப் படிக்கப்பட்டு 2005-இல் வெளியிடப்பட்டது. பன்னாட்டு முயற்சியான இப்பணியில் 11-ஆம் குரோமோசோமின் ஒரு பகுதியை நம் நாட்டு அறிவியலார் படித்தனர்.

இவ்வளவு பெரிய ஏட்டில் நமக்கு வேண்டிய சில நூறு எழுத்துகளை மட்டும் கண்டெடுத்துப் பெருக்கிக் காட்டுவது பாலிமரேஸ் தொடர்வினை, அதாவது பி.சி.ஆர். 1983-இல் இம்முறையைக் கருதிய கேரி மல்லிஸ் என்பாருக்கு 1993-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. ஒவ்வொரு சுற்றிலும் வேண்டிய பகுதி இரட்டிப்பாகும். 30 சுற்றுகள் முடிந்தால் ஒரு படி நூறு கோடிப் படிகளுக்கு மேல் பெருகிவிடும்.

எந்தப் பகுதியைப் பெருக்க வேண்டும் என்று சுட்டிக்காட்டுபவையே பிரைமர்கள். இவை 18 முதல் 25 எழுத்து நீளமுள்ள சிறு டி.என்.ஏ. துண்டுகள். வேண்டிய பகுதியின் இரு புறமும் ஒவ்வொன்றாக இரண்டு பிரைமர்கள் பொருந்தி உட்காரும். அவற்றுக்கு இடைப்பட்ட பகுதியே பெருகும்.

நிலப் பத்திரத்தின் நான்கெல்லை

இதனை நிலப் பத்திரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பத்திரத்தில் நான்கெல்லை எழுதும்போது, "வடக்கே வரப்பு, தெற்கே வாய்க்கால்" என்று மட்டும் எழுதினால் என்ன ஆகும்? வரப்பும் வாய்க்காலும் ஊரில் எல்லா வயலுக்கும் உண்டு. அந்தப் பத்திரத்தை வைத்துக்கொண்டு எந்த வயலையும் காட்டிவிடலாம். வழக்குத்தான் மிஞ்சும். ஊரில் வேறெங்கும் இல்லாத ஓர் அடையாளத்தை எல்லையாகக் காட்டினால்தான் நிலம் இன்னதென்று விளங்கும்.

பிரைமர்கள் இரண்டும் இத்தகைய எல்லைகளே. அவை உட்காரும் தொடர் அந்த ஏட்டில் ஒரே ஓரிடத்தில் மட்டும் இருக்க வேண்டும். பல இடங்களில் இருந்தால் எல்லை குழம்பிவிடும்.

இருபது எழுத்துத் தொடர் தற்செயலாக இரண்டு இடங்களில் வருமா என்று கேட்கலாம். நான்கு எழுத்துகளைக் கொண்டு 20 எழுத்து நீளத்தில் ஒரு லட்சம் கோடிக்கும் மேற்பட்ட தொடர்களை அமைக்க முடியும். நெல்லின் ஏட்டிலோ 39 கோடி எழுத்துகளே உள்ளன. ஆகவே கணக்குப்படி பார்த்தால் ஒரு தொடர் மறுபடி வருவது மிக அரிது. ஆனால் டி.என்.ஏ. கைபோனபடி சிதறிய எழுத்துக் குவியலன்று. அதில் படியெடுத்து ஒட்டப்பட்ட பகுதிகள் ஏராளம். கணக்கு பொய்க்கும் இடம் இதுவே.

மீள் தொடர்கள் எவை?

திரும்பத் திரும்ப வரும் தொடர்களைப் பொதுவாக இரு வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, அடுத்தடுத்து அடுக்கி வருபவை. "அ தை அ தை அ தை" என்பது போன்று இரண்டு மூன்று எழுத்துகள் பல முறை தொடர்வது இதில் அடங்கும். குரோமோசோமின் இடுப்புப் பகுதியில் 155 எழுத்துக் கொண்ட ஒரு தொடர் ஆயிரக்கணக்கில் அடுக்கப்பட்டிருப்பதும் நெல்லில் காணப்படுகிறது.

இரண்டாம் வகை, ஏடு முழுவதும் சிதறிக் கிடப்பவை. இவை "தாவும் மரபணுக்கள்" எனப்படும். மக்காச்சோள மணிகளின் நிறப் புள்ளிகளை ஆராய்ந்து இவற்றை முதன்முதலில் கண்டறிந்தவர் பார்பரா மக்ளின்டாக் அம்மையார். 1940-களில் அவர் கண்ட உண்மைக்கு 1983-இல் நோபல் பரிசு கிடைத்தது. இவற்றுள் பல தம்மைப் படியெடுத்து வேறோர் இடத்தில் ஒட்டிக்கொள்பவை. ஆதலின் காலப்போக்கில் பெருகிவிட்டன. நெல்லின் ஏட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இவையே. மக்காச்சோளத்திலும் கோதுமையிலும் ஏறத்தாழ 85 விழுக்காடு இவைதாம். நெல்லில் சில நூறு எழுத்து நீளமே உள்ள குட்டித் தாவும் துண்டுகள் மரபணுக்களை ஒட்டியே பெரும்பாலும் காணப்படுகின்றன. நமக்கு வேண்டிய மரபணுவின் அருகிலேயே இவை இருப்பதால் பிரைமர் அமைப்போர் எளிதில் ஏமாறக்கூடும்.

பிழை எவ்வாறு நேர்கிறது?

இரண்டு பிரைமர்களில் ஒன்று மீள் தொடரில் அமைந்தால், அது ஆயிரக்கணக்கான இடங்களில் போய் உட்கார்ந்து வீணாகும். வேண்டிய இடத்திற்குப் போதுமான பிரைமர் கிட்டாமல் விடை மங்கிப்போகும். மரபணு இருந்தும் "இல்லை" என்று தவறாகக் கொள்ள இது வழி செய்யும்.

இரண்டு பிரைமர்களுமே மீள் தொடரில் அமைந்தால், தொடர்பில்லாத பல இடங்கள் ஒரே நேரத்தில் பெருகும். ஜெல் தட்டில் தெளிவான ஒரே பட்டைக்குப் பதில் பல பட்டைகளோ, இழுவிய கறையோ தோன்றும். அதில் ஒரு பட்டை எதிர்பார்த்த அளவிலேயே அமைந்துவிட்டால், மரபணு இல்லாத நாற்றுக்கும் "உண்டு" என்று சொல்லிவிட நேரும். மங்கலான விடையைக் கண்டால் ஐயம் எழும், மறுபடி சோதிப்பார்கள். தெளிவாகத் தோன்றும் பொய் விடைதான் மிகவும் கெடுதலானது.

மறைக்கும் முறை

இப்பிழையைத் தவிர்க்கக் கீழ்க்கண்ட முறை பின்பற்றப்படுகிறது.

1. வேண்டிய மரபணுவும் அதன் இரு புறமும் உள்ள பகுதியும் சேர்ந்த எழுத்துத் தொடரைக் கணிப்பொறியில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

2. அப்பயிரில் ஏற்கெனவே அறியப்பட்ட மீள் தொடர்களின் தொகுப்போடு அதனை ஒப்பிட வேண்டும். ரிப்பீட்மாஸ்கர் என்னும் நிரல் இதற்குப் பெரிதும் பயன்படுகிறது. நெல்லைச் சோதிக்க நெல்லின் தொகுப்பையே பயன்படுத்த வேண்டும். வேறு பயிரின் தொகுப்பைக் கொண்டு பார்த்தால் பல மீள் தொடர்கள் கண்ணில் படாமல் தப்பிவிடும். இத்தகைய தொகுப்பு இல்லாத பயிர்களில், ஏடு முழுவதிலும் எந்தக் குறுந்தொடர் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்து, மிகுதியாக வருபவற்றை மீள் தொடர்களாகக் கொள்ளலாம்.

3. மீள் தொடர் எனத் தெரிந்த எழுத்துகளை மறைக்க வேண்டும். எடுத்துக்காட்டாக,

மறைக்கும் முன்: கு தை சை அ கு சை அ தை அ தை அ தை அ தை சை சை தை கு அ கு

மறைத்த பின்: கு தை சை அ கு சை × × × × × × × × சை சை தை கு அ கு

இவ்வாறு அடியோடு மறைப்பது ஒரு முறை. எழுத்துகளை அழிக்காமல், ஆங்கிலச் சிறிய எழுத்துகளாக மட்டும் மாற்றிக் காட்டுவது மற்றொரு முறை. இரண்டாவது முறையில் மூலத்தொடர் கெடாமல் இருப்பதால் பின்னர் மறுபரிசீலனை செய்ய வசதி உண்டு. எந்த முறையாயினும், மறைப்பது கணிப்பொறியில் உள்ள எழுத்தைத்தானே தவிர, பயிரின் டி.என்.ஏ.வில் எந்த மாற்றமும் செய்யப்படுவதில்லை.

4. மறைக்கப்படாத பகுதியில் மட்டும் பிரைமர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிரைமர்3 போன்ற நிரல்கள் இதற்கு உதவும். சிறிய எழுத்துகளாக மறைத்திருந்தால், அவற்றைத் தவிர்க்கும்படி நிரலுக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மறைத்ததே பயனற்றுப் போகும். கு, சை எழுத்துகள் 40 முதல் 60 விழுக்காடு வரை இருப்பதும், இரு பிரைமர்களும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில் ஒட்டுவதும் நன்று.

5. பிரைமரின் முனைப் பகுதியைத் தனியாகக் கவனிக்க வேண்டும். எந்த முனையிலிருந்து படியெடுப்பு தொடங்குகிறதோ அந்த முனையின் கடைசிச் சில எழுத்துகள் மீள் தொடரில் விழக்கூடாது.

6. தேர்ந்தெடுத்த பிரைமர்களை ஏடு முழுவதோடும் மீண்டும் ஒருமுறை ஒப்பிட்டு, அவை ஓரிடத்தில் மட்டுமே பொருந்துகின்றனவா என்று உறுதி செய்ய வேண்டும்.

எல்லைகளுக்கு இடையில் மீள் தொடர் இருந்தால் தவறில்லை. "அ தை அ தை" போன்ற அடுக்குத் தொடரின் நீளம் ரகத்துக்கு ரகம் மாறுவதால், அதனையே ரகங்களைப் பிரித்தறியும் அடையாளமாகவும் பயன்படுத்துகிறார்கள். வீரிய ஒட்டு விதையின் தூய்மையைச் சோதிப்பதற்கும் இது உதவுகிறது. ஆனால் அங்கும் பிரைமர்கள் உட்காருவது அடுக்குத் தொடரின் இரு புறமும் உள்ள தனித்த பகுதியில்தான். வாய்க்கால் வயலுக்குள் ஓடலாம், அதையே எல்லையாக எழுதக்கூடாது என்பதே கருத்து.

மறைத்தால் மட்டும் போதுமா?

போதாது. மீள் தொடர்த் தொகுப்பில் இடம்பெறாத ஒற்றுமைகளும் உண்டு. மேலே கூறிய சப்1ஏ மரபணுவே இதற்குச் சான்று. அதனருகில் சப்1பி, சப்1சி என்னும் இரு உடன்பிறப்பு மரபணுக்கள் உள்ளன. இவ்விரண்டும் வெள்ளம் தாங்காத ரகங்களிலும் இருக்கின்றன. மூன்றுக்கும் பொதுவான பகுதியில் பிரைமர் அமைத்தால் எல்லா நாற்றும் "உண்டு" என்றே காட்டும். இவை தாவும் மரபணுக்கள் அல்லவாதலால் மறைக்கும் நிரல் இவற்றைத் தொடாது. ஆகவே ஆறாவது படியாகிய முழு ஒப்பீட்டை ஒருபோதும் விட்டுவிடக்கூடாது.

எந்த ஏட்டோடு ஒப்பிடுகிறோம் என்பதும் முக்கியம். முதலில் படிக்கப்பட்ட நிப்பான்பாரே ரகத்தில் சப்1ஏ மரபணுவே இல்லை. அந்த ஏட்டை மட்டும் பார்த்தால் நாம் தேடும் பொருளே அதில் இராது. சில இன்டிகா ரகங்களில் சப்1ஏ இருந்தும், அது வெள்ளம் தாங்காத மாற்று வடிவமாக இருக்கிறது. இரு வடிவங்களுக்கும் சில எழுத்துகளே வேறுபாடு. ஆகவே கலப்பில் பயன்படுத்தும் பெற்றோர் இரண்டின் தொடரையும் வைத்தே பிரைமரைச் சரிபார்க்க வேண்டும்.

மறைப்பு மிகையாகிவிட்டாலும் இடையூறு உண்டு. மரபணுவைச் சுற்றியுள்ள பகுதி முழுவதும் மறைந்துபோனால், பிரைமர் வைக்க இடம் தேடி வெகு தூரம் போக நேரும். நெல்லில் சராசரியாக 2.5 லட்சம் எழுத்துத் தொலைவுக்கு, நூற்றில் ஒரு வாய்ப்பு என்ற அளவில், அடையாளமும் மரபணுவும் பிரிந்துவிடக்கூடும். அடையாளம் வந்திருக்கும், மரபணு வந்திராது. ஆகவே மரபணுவுக்குள்ளேயோ அதன் மிக அருகிலோ தனித்த இடத்தைத் தேடுவதே சிறந்தது. கிடைக்காவிடில் இரு புறமும் ஒவ்வோர் அடையாளம் வைத்துப் பார்ப்பது பாதுகாப்பானது.

வாழையில் ஓர் எச்சரிக்கை

வாழைக் கோடு நச்சுயிரி என்பது இலையில் மஞ்சள் கோடுகளை உண்டாக்கும் நோய்க்குக் காரணமானது. மாவுப்பூச்சிகள் இதனைப் பரப்புகின்றன. இதன் மரபுப்பொருளும் டி.என்.ஏ.வே. பூவன் போன்ற, காட்டு வாழையாகிய பல்பிசியானாவின் பங்கு கொண்ட ரகங்களில், இந்நச்சுயிரியின் டி.என்.ஏ. துண்டுகள் வாழையின் சொந்தக் குரோமோசோமிலேயே ஒட்டிக் கிடக்கின்றன. நச்சுயிரி இல்லாத கன்றையும் சாதாரண பி.சி.ஆர். முறையில் சோதித்தால், இத்துண்டுகளில் பிரைமர் உட்கார்ந்து "நோய் உண்டு" என்று காட்டிவிடும். நல்ல கன்றுகளைக் குப்பையில் கொட்ட வேண்டிய நிலை வரும்.

இங்கு எழுத்தை மறைப்பதால் மட்டும் தீர்வில்லை. தேடும் தொடரே வாழைக்குள் இருக்கிறது. ஆகவே முதலில் எதிர்ப்புரதத்தைக் கொண்டு நச்சுயிரித் துகள்களைப் பிடித்து, வாழையின் டி.என்.ஏ.வை நீக்கிவிட்டு, பிறகு சோதிக்கிறார்கள். அதேசமயம், ஒட்டிக்கிடக்கும் துண்டுகளில் சில, திசு வளர்ப்பு போன்ற நெருக்கடியில் உயிர்பெற்று நோயாக எழவும் கூடும். எனவே இச்சோதனையைத் தவிர்ப்பதும் சரியன்று, அரைகுறையாகச் செய்வதும் சரியன்று.

உழவர்கள் கவனிக்க வேண்டியவை

பிரைமர் அமைப்பது ஆய்வுக்கூடத்தின் பொறுப்பு. எனினும் விதைப்பண்ணை வைத்திருப்போரும், உழவர் உற்பத்தியாளர் குழுவினரும், திசு வளர்ப்புக் கன்று வாங்குவோரும் கீழ்க்கண்டவற்றை மனத்தில் கொள்வது நலம்.

1. இலை மாதிரியைச் செடி வாரியாகத் தனித்தனியே எடுக்கவும். இளம் இலையே ஏற்றது. ஒரு செடியை வெட்டிய கத்தரியைத் துடைக்காமல் மறு செடியில் பயன்படுத்தக்கூடாது.

2. ஈர இலையைப் பாலிதீன் பையில் அடைத்து வெயிலில் வைத்தால் அழுகி டி.என்.ஏ. கெடும். காகித உறையில் இட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லுடன் அனுப்பவும். உறையின்மேல் ரகம், வயல், செடி எண், தேதி ஆகியவற்றைப் பென்சிலால் எழுதவும்.

3. சோதனை முடிவை வாங்கும்போது மூன்று கேள்விகள் கேட்கவும். குணம் உள்ள ரகத்தை உடன் வைத்துச் சோதித்தீர்களா? குணம் இல்லாத ரகத்தையும் வைத்தீர்களா? இலைச்சாறு இல்லாத வெறும் நீரையும் வைத்தீர்களா? முதலாவதில் மட்டும் பட்டை தோன்றி, மற்ற இரண்டிலும் தோன்றாதிருந்தால்தான் "உண்டு, இல்லை" என்று சொல்லும் சோதனையின் விடையை நம்பலாம்.

4. முக்கியமான முடிவை ஒரே ஓர் அடையாளத்தை வைத்து எடுக்க வேண்டாம். வேறிடத்தில் அமைந்த இரண்டாவது பிரைமர் இணையைக் கொண்டும் சரிபார்க்கச் சொல்லவும்.

5. இலைச் சோதனை மரபணு இருப்பதை மட்டுமே காட்டும். முளைப்புத்திறனையோ விதையின் ஈரத்தையோ காட்டாது. கலவன்களை நீக்குவதும் சான்று பெற்ற விதையை வாங்குவதும் எப்போதும் போலவே தேவை.

6. சப்1 ரகங்கள் வளர்ந்த பயிர் முழுதும் மூழ்குவதை ஏறத்தாழ இரண்டு வாரம் தாங்கும். நேரடி விதைப்பில் விதை முளைக்கும்போதே நீர் தேங்கினால் இந்த மரபணு காப்பாற்றாது. ஆகவே வடிகால் வசதியைக் கைவிட வேண்டாம்.

ஓரிடத்திற்கே உரிய அடையாளத்தை எல்லையாகக் கொண்ட பத்திரம் வழக்கில் நிற்கும். அதுபோல, மீள் தொடர்களை மறைத்து, தனித்த இடத்தில் பிரைமர் அமைத்து, உரிய ஒப்பீடுகளோடு செய்யப்பட்ட சோதனையே வெள்ளம் வரும் ஆண்டிலும் நிற்கும். விதை வாங்கும்போதும் மாதிரி அனுப்பும்போதும் உழவர்கள் இதனை நினைவிற் கொண்டு, ஐயமிருப்பின் அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ ஆராய்ச்சி நிலையத்தையோ அணுகிக் கேட்டுத் தெளிவு பெறுவார்களாக.